எழுபத்தொன்றாவது பாட்டு

வியாழக்கிழமை மூன்று மணிக்கு முதியோர் இல்லத்தின் பின்பக்கம் அந்தச் சிவப்பு பைக் வந்து நிற்கும். அங்கே தங்கியிருக்கும் எல்டனின் ஜன்னலுக்கு நேர் கீழே. லோரன் ஹௌகன் என்ஜினை உடனே அணைக்கமாட்டான். ஆறு சிலிண்டரின் மெல்லிய உறுமல் கண்ணாடி வழியாக உள்ளே போகட்டும் என்று ஒரு நிமிஷம் ஓடவிட்டுவிட்டு, பிறகுதான் அணைத்துப் பாட்டைப் போடுவான். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோவதற்கு முன்னால், எல்டன் தன் பைக்கில் போட்டுக்கொண்டு ஊர் ஊராய்ச் சுற்றிய அதே பாட்டுகள். எல்டனுக்குக் கேட்கும் அளவு சத்தம், பக்கத்து அறை அம்மாளின் தூக்கம் கெடாத அளவு சத்தம். கால் மணி நேரம். எல்டனின் நல்ல கை ஜன்னல் கட்டையில் தாளம் போடும். அது நின்றதும் லோரன் ஒரு தடவை கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போய்விடுவான். வாசல் பக்கம் போய் வருகைப் புத்தகத்தில் பெயர் எழுதியதே இல்லை.

இந்தச் சங்கதி ஆஸ்பி ஊரில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் பெயர் வெண்டல் கிராஸ். மாட்டுத் தீவன லாரியை ஓட்டிக்கொண்டு வியாழன்தோறும் அந்தத் தெரு வழியாகப் போகிறவன். முதல் தடவை பார்த்தபோது அவன் நெஞ்சு இளகத்தான் செய்தது. ஆனால் அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் அவன் மனைவி மார்லிஸ், "இன்னிக்கு ஊர்ல என்ன விசேஷம்?" என்று கேட்டதும், "ஒண்ணுமில்லை. மழை வரும்போல இருக்கு" என்றான்.

சொன்னால் லோரனுக்குப் பேர் வரும். ஏற்கெனவே இருக்கிற பேர் போதாதா அவனுக்கு. ஐந்து மாதம் வெண்டல் வாயைத் திறக்கவில்லை. அடுத்தவன் செய்த நல்லதை மூடி மறைப்பதும் ஒரு களவுதான் என்று சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பொறாமை உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால், படித்த பாடமெல்லாம் எழுந்து வெளியே போய்விடுகிறது.

லோரன், ஆஸ்பி இருக்கும் ஐயோவா மாநிலத்துக்காரன் இல்லை. பக்கத்து மாநிலமான மின்னசோட்டாவில் மனைவியை அடக்கம் செய்துவிட்டு, ஆஸ்பி பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுதுபார்க்கும் வேலைக்கு வந்தவன். நல்ல உயரம். நாற்காலியில் உட்கார்ந்தால் ஏணியை மடித்து வைத்ததுபோல் இருக்கும். அதிகம் பேசமாட்டான். யாராவது பேசினால் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கடைசி வார்த்தை வரைக்கும் கேட்பான். ஆலயப் பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்று அடித்தொண்டையில் பாடுவான். ஆப்பிள் பை என்ற பழப் பலகாரம் கொடுத்தால், மேலே மூடியிருக்கும் மொறுமொறு மாவை முதலில் தின்று முடித்துவிட்டுத்தான் பழத்துக்கு வருவான். ஏன் இப்படி என்று கேட்டால், "நமத்துப்போறதுக்கு முன்னால" என்பான். அவ்வளவுதான் பதில்.

ஆஸ்பி பைக் சங்கத்தில் பதினான்கு பைக்குகள். எல்லாம் நெடும்பயணத்துக்கென்று செய்த பெரிய வண்டிகள். முன்னும் பின்னும் ஸ்பீக்கர், சூடேறும் சீட், பின்னால் உட்காருகிறவருக்குச் சாய்மானம். மாதம் இரண்டு சனிக்கிழமை சேர்ந்து போவார்கள். லோரன் சேர்ந்த முதல் நாளே, "கடைசி ஆளா நான் வரட்டுமா?" என்று கேட்டான். கடைசி ஆள் வேலையை யாரும் விரும்பமாட்டார்கள். எல்லாருடைய புகையையும் அவன்தான் குடிக்கவேண்டும். வளைவுகளில் எல்லாரும் திரும்பிவிட்டார்களா என்று பார்த்து ரேடியோவில் சொல்லவேண்டும். லோரன் கேட்டு வாங்கிக்கொண்டான்.

அவன் பைக்கில் பாட்டு கேட்டவர்கள் அப்புறம் தங்கள் வண்டிப் பாட்டைக் கேட்டு முகம் சுளித்தார்கள். வீட்டில் கேட்பது வேறு, ரோட்டில் கேட்பது வேறு. அறுபது மைல் வேகத்தில் காற்று அடிச்சுரத்தை முழுக்கத் தின்றுவிடும், மேல்சுரத்தில் பாதியை விட்டுவைக்கும். காற்று எதைத் தின்னும், எதை விடும் என்று லோரனுக்குத் தெரிந்திருந்தது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பாட்டுகளை ஒவ்வொன்றாய் அதற்குத் தகுந்தபடி திருத்துவான். ஒரு பாட்டு மெதுவாகவும் அடுத்தது காதைக் கிழிப்பதாகவும் இருந்தால், வளைவில் போகிறவன் கையை எடுத்து சத்தத்தைக் குறைக்கப் போவான். அது ஆபத்து. அதனால் எல்லாப் பாட்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவான். பைக்கின் சின்னத் திரையில் பாட்டின் பெயர் முழுக்கத் தெரியாது என்பதால், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு எண் போடுவான். விரல்நுனி அளவுள்ள பென்டிரைவில் எல்லாவற்றையும் ஏற்றி, சங்கத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா செய்து கொடுப்பான்.

இதுதான் வெண்டலுக்குப் பொறுக்கவில்லை. ஏனென்றால் அதுவரைக்கும் சங்கத்துப் பாட்டுக்காரன் வெண்டல்தான். அந்தப் பக்கத்தில் முதன்முதல் கேசட் வைத்த பைக் வாங்கியவன். ஆறு சிடி சுழலும் பெட்டி வைத்த பைக்கையும் முதலில் வாங்கியவன். பனிக்காலம் முழுக்கச் சமையலறையில் உட்கார்ந்து கேசட் பதிவு செய்து, மேல் அட்டையில் பேனாவால் பெயர் எழுதி வைப்பான். இருபத்தாறு வருஷம் மார்லிஸ் அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அவன் போட்ட பாட்டைத்தான் கேட்டாள். அவளுக்கு அது பிடிக்குமா என்ற கேள்வியே அவனுக்குத் தோன்றியதில்லை.

சங்கத்தை முன்னால் நடத்திப் போகிறவள் டார்லா. மூன்று சக்கர பைக் ஓட்டுபவள், வாய்த் துடுக்குக்காரி. "வெண்டல், உன் சிடி பெட்டியை எப்ப அடக்கம் பண்றே? முன்னாடியே சொல்லு, பூ வாங்கிட்டு வரணும்" என்பாள்.

"பழசை அடக்கம் பண்ணணும்னா முதல்ல உன்னைத்தான் பண்ணணும்" என்பான் வெண்டல். எல்லாரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். உள்ளே சிரிப்பு இருக்காது.

பிப்ரவரி மாதம் ஆலயத்தின் கீழ்த்தளத்தில் விருந்து. லோரன் ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு மேசை மேசையாகப் போனான். ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து, "ரோட்ல போகும்போது உனக்கு என்ன கேக்கணும்போல இருக்கும்?" என்று கேட்டு எழுதிக்கொண்டான். வெண்டலிடம் வந்ததும் வெண்டல் கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னான்.

"என் பாட்டு என்னன்னு எனக்குத் தெரியும்பா. யாரும் எழுதிக்க வேண்டாம்."

"சரி" என்றான் லோரன். திரும்பி மார்லிஸைப் பார்த்தான். "உனக்கு?"

மார்லிஸ் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து ஓரத்து மேசைக்குப் போனாள். அவள் பள்ளிச் சமையல்கூடத்தில் வேலை செய்கிறவள். லோரனைத் தினம் மதியம் பார்க்கிறவள்தான். ஒன்றரை மணி நேரம் இருவரும் தாளின் மேல் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். இரண்டு தடவை அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெண்டல் தன் இடத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கைத் தட்டில் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவன் என்ன சாப்பிட்டான் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஏப்ரலில் ஒரு சின்ன உறை வந்தது. மேலே பென்சிலில் மார்லிஸ் என்று எழுதியிருந்தது. உள்ளே பென்டிரைவ். வெண்டலின் பழைய பைக் அந்தக் குளிர்காலத்தில் செத்துப்போய், அதற்குப் பதிலாக வாங்கியிருந்த செகண்ட் ஹேண்ட் பைக்கில் அதைச் செருக டேங்க் பக்கத்தில் சின்னப் பெட்டி ஒன்று இருந்தது. இல்லையென்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

முதல் பாட்டு ஒரு வால்ட்ஸ், ஜோடியாகச் சுழன்று ஆடும் நடன மெட்டு. இழுத்து மடக்கி வாசிக்கும் துருத்திப் பெட்டியான அக்கார்டியன் வாசிப்பு. பாட்டு தொடங்கியதும் வெண்டலின் ஹெல்மெட்டுக்குள் ஒரு குரல் கேட்டது. மார்லிஸ் பாடிக்கொண்டிருந்தாள். முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் ஹெல்மெட் மைக் வழியாக எப்போதும் பேசிக்கொள்ளலாம். இருபத்தாறு வருஷத்தில் அந்த மைக்கில் அவள் பாடி அவன் கேட்டதில்லை.

"இது என்ன பாட்டு?"

"எங்க அப்பா வாசிப்பார். சனிக்கிழமை நடன மண்டபத்துல. நான் மேடைக்குக் கீழ கோட்டுக் குவியல்ல படுத்துத் தூங்குவேன்."

"உங்க அப்பா அக்கார்டியன் வாசிப்பாரா? நீ சொன்னதே இல்லையே."

"நீ கேட்டதே இல்லையே" என்றாள் மார்லிஸ். கோபமாகச் சொல்லவில்லை. சோளம் முளைத்திருக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னாள். பிறகு மறுபடியும் பாட ஆரம்பித்துவிட்டாள்.

வெண்டல் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். வரிசையின் கடைசியில் லோரனின் விளக்கு மஞ்சளாய் ஒரு புள்ளி. தன் மாமனார் அக்கார்டியன் வாசிப்பார் என்பது அந்தப் புள்ளிக்குத் தெரிந்திருக்கிறது, தனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து அவன் மார்லிஸைக் கவனிக்க ஆரம்பித்தான். பள்ளிக்கூடத்தில் மதியம் என்ன பேசுகிறார்கள்? அவள் தலைமுடியை ஏன் வேறுமாதிரி வெட்டிக்கொண்டாள்? எந்தத் தப்பும் கண்ணில் படவில்லை. படாததுதான் அவனை இன்னும் வாட்டியது. பிடித்துச் சண்டை போட ஒரு காரணம் கிடைத்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

கடைசியில் அவனால் முடிந்த ஒரு சின்ன வஞ்சத்தைச் செய்தான். பெட்ரோல் போட நின்றாலும் சரி, காபி குடிக்க நின்றாலும் சரி, அந்தப் பென்டிரைவைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். கிளம்பும்போது மார்லிஸ் கேட்டால் மட்டும் மறுபடி செருகுவான். பிடுங்கினால் பைக் எங்கே விட்டது என்பதை மறந்துவிடும். திரும்பச் செருகினால் முதல் பாட்டிலிருந்து தொடங்கும். அந்த வால்ட்ஸ், அப்புறம் அதே துள்ளல் நடனப் போல்கா, அப்புறம் அதே பெண் பாடும் தாலாட்டு.

"பழையபடி முதல்லேருந்தா?" என்பாள் மார்லிஸ். "அதை அப்படியே விட்டா என்ன?"

"மழை பட்டா கெட்டுப்போயிடும்."

"வானத்துல ஒரு மேகம் இல்லை வெண்டல்."

"வரும்."

கோடை முழுக்க அந்தப் பத்திருபது பாட்டுகளைத் தாண்டவில்லை. எல்லாமே அவளுடைய பாட்டு. தன்னை இறக்கிவிட்டு, தன் வண்டியிலேயே அந்த ஆள் ஏறி உட்கார்ந்துகொண்டதாக வெண்டல் நினைத்துக்கொண்டான். அவனுக்குப் பயமாக இருந்தது. வேறு எதைப் பற்றியும் இல்லை. அவள் மனசு தன் பின்னால் இருந்து இறங்கிப் போய்விடுமோ என்ற பயம்தான். அதை வாய்விட்டுச் சொல்ல அவனுக்குத் தெரியவில்லை.

செப்டம்பரில் மிசிசிப்பி ஆற்றோரமாகப் போனார்கள். கிளம்பும் முன் வழக்கம்போல எல்லா வண்டியிலும் பாட்டை நிறுத்தினார்கள். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வட்டமாக நின்றார்கள். டார்லா ஜெபித்தாள்.

"ஆண்டவரே, எங்களை ரோட்லயும் மானையெல்லாம் காட்லயும் வச்சிரும். ஆமென்."

எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். வெண்டல் மட்டும் கண்ணைத் திறந்து மார்லிஸ் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாள் என்று பார்த்தான். அவள் கண் மூடித்தான் இருந்தது.

அன்றைக்குக் குளிர். வெண்டல் தடித்த கையுறை போட்டிருந்தான். மணிக்கட்டில் இழுத்துக் கட்ட ஒரு நூல் தொங்கும் கையுறை. ஆற்றுக்கு இறங்கும் சாலையில் ஒரு வளைவில் சரளை கிடந்தது. பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்ல இடது கைப்பிடியில் இருந்த விசையைப் பெருவிரலால் அழுத்தி, "சரளை, வலது பக்கம்" என்றான். அந்த விசையை அழுத்தினால்தான் ஹெல்மெட் பேச்சு சங்கத்து ரேடியோவுக்குப் போகும். விரலை எடுத்தான். கையுறையின் நூல் விசையில் சுற்றிக்கொண்டு அதை விடவில்லை. அவன் கவனிக்கவில்லை. ஒருவர் விசை அழுந்தியிருக்கும்வரை மற்ற யாரும் அந்த ரேடியோவில் பேச முடியாது. கேட்க மட்டும்தான் முடியும்.

வால்ட்ஸ் தொடங்கியது. மார்லிஸ் பாட ஆரம்பித்தாள்.

"போதும் நிறுத்து" என்றான் வெண்டல்.

"ஏன்?"

"அந்த ஆள் பாட்டைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு."

"அவர் பாட்டு இல்லை. என் பாட்டு."

"உன் பாட்டு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டார். சொன்னேன். இதுல என்ன இருக்கு?"

"என்ன இருக்கா? அவன் பின் சீட்டு காலி, மார்லிஸ். பொண்டாட்டி செத்துப்போயிட்டா. அதான் என் பின் சீட்டுல இருக்கிறவளுக்குப் பாட்டு போட்டுக் கொடுத்துப் பார்க்கிறான்."

மார்லிஸ் அவன் இடுப்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"இப்படிப் பேச உனக்கு வாய் கூசலையா?"

"எனக்கென்ன கூச்சம்? அந்த உறை வந்த நாள்லேருந்து நீ என்கிட்ட பேசறதே இல்லை. பாடறே. நான் முன்னாடி உட்கார்ந்து ஓட்டறேன், அவ்வளவுதான். டிரைவர். உன் மனசு இந்த வண்டியில இருக்கா இல்லையான்னே எனக்குத் தெரியலை."

"தெரியலைன்னா கேளேன்."

"கேட்டு, இல்லைன்னு சொல்லிட்டா?"

பதினோரு மைல். அதற்குள் இன்னும் என்னென்னவோ பேசினான். திரும்பத் திரும்ப அதே வார்த்தைகள்தான். முன்னால் போன டார்லா இரண்டு தடவை கையைத் தூக்கிக் காட்டினாள். எதிரே போலீஸ் இருக்கிறது என்கிறாளாக்கும் என்று அவன் வேகத்தைக் குறைத்தான். கடைசியில் அவள் படகு இறக்கும் துறையில் வண்டியை ஒதுக்கி நிறுத்திவிட்டு, இறங்கி நேரே அவனிடம் வந்தாள். அவள் முகத்தில் கேலி இல்லை. அவனுடைய இடது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினாள். விசை டக்கென்று மேலே வந்தது.

"மைக் திறந்திருந்துச்சு வெண்டல்."

"எப்பலேருந்து?"

"சரளையிலேருந்து."

மற்ற பைக்குகள் ஒவ்வொன்றாய் வந்து நின்றன. எல்லாருக்கும் திடீரென்று கையுறையில் வேலை வந்துவிட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. லோரன் கடைசியாக வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு வெண்டலின் பைக்கிடம் வந்து குனிந்து விசையைப் பார்த்தான்.

"நூல் மாட்டிக்கிச்சு" என்றான். பாக்கெட்டிலிருந்து சின்னக் கத்தியை எடுத்தான். "வெட்டிடட்டுமா? எனக்கும் ஒரு தடவை இப்படித்தான் ஆச்சு. நான் தனியா பாடிக்கிட்டு வந்தேன், அதைக் கேட்டவங்கதான் பாவம்."

வெண்டல் கையை நீட்டினான். வேறு என்ன செய்வது. லோரன் நூலை வெட்டி ஒட்டக் கத்தரித்துவிட்டுத் திரும்பிப் போனான். அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்லிஸ் பைக்கிலிருந்து இறங்கினாள். "நான் டார்லா வண்டியில வரேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

சாப்பிடப் போகும் ஊர் பதினைந்து மைல் தூரம். வெண்டல் தனியாக ஓட்டினான். பின்பக்க ஸ்பீக்கர்கள் யாருக்கோ பாடிக்கொண்டிருந்தன. கொஞ்ச தூரத்தில் பாட்டை நிறுத்தினான். நிறுத்தியது அதைவிட மோசமாக இருந்தது. பின்னால் பாரம் இல்லாததால் வளைவுகளில் வண்டி அதிகமாய்ச் சாய்ந்தது. பாரத்தோடு ஓட்டிப் பழகிய கைக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வழியெல்லாம் அவன் ஜெபம் செய்யப் பார்த்தான். "ஆண்டவரே" என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

ஆற்றங்கரை ஓட்டலில் கெளுத்தி வறுவல் கொடுத்தார்கள். மார்லிஸ் பெண்கள் மேசையில் உட்கார்ந்தாள். லோரன் வாசலுக்கு அருகே தனியாக உட்கார்ந்திருந்தான். வெண்டல் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அவன் முன்னால் போய் நின்றான். எல்லா மேசையிலும் பேச்சு தாழ்ந்தது.

"லோரன், நான் சொன்னது..."

"கேட்டேன். எல்லாமே கேட்டேன். உட்காரு."

"உன் மனைவியைப் பத்தி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சுடு."

லோரன் தலையைச் சாய்த்துக் கேட்டான். "சரி" என்றான். அதை அவன் சும்மா சொல்லவில்லை, சரியென்று எடுத்துக்கொண்டுதான் சொன்னான். பிறகு வறுவலில் ஒரு துண்டை எடுத்தவன், தின்னாமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"உனக்கு எழுபத்தொண்ணு பிடிச்சுதா?"

"எது எழுபத்தொண்ணு?"

"எழுபத்தொண்ணாவது பாட்டு."

"அதுல அவ்வளவு பாட்டு இருக்கா? நான் பதினெட்டு, இருபதுக்கு மேல போனதே இல்லையே."

லோரன் புரியாமல் பார்த்தான். "ஏப்ரல்லேருந்து வச்சிருக்கீங்க. தினம் அஞ்சு பாட்டு கேட்டாலும்..."

"நின்ன இடத்துல எல்லாம் நான் பிடுங்கிடுவேன்" என்றான் வெண்டல். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னத்தனம் என்று அவனுக்கே தெரிந்தது.

"பிடுங்கினா முதல்லேருந்துதான் வரும்" என்றான் லோரன். அவனுக்கு இப்போதுதான் எல்லாம் விளங்கியது. "அடப்பாவி. வெண்டல், முதல் எழுபதுதான் அவ பாட்டு. மீதி எழுபது உன் பாட்டு. நீ சொல்லமாட்டேன்னுட்டே இல்ல? அவ சொன்னா. ஒண்ணொண்ணா, யோசிக்காம. இன்ன வருஷம், இன்ன கேசட், இன்ன பக்கம்னு. எழுதி எழுதி எனக்குத்தான் கை வலிச்சுது."

வெண்டல் எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்ததைக்கூடப் பார்க்கவில்லை. பெண்கள் மேசைக்குப் போய் மார்லிஸின் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். டார்லா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"எழுபத்தொண்ணு போடட்டுமா?" என்றான்.

மார்லிஸ் திரும்பவில்லை. "இப்பத்தான் அங்க வந்து சேர்ந்தியா?"

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீயா வந்து சேரணும்னு இருந்தேன். அந்தப் பாட்டு வரும்போது நீ என்ன பண்றேன்னு பின்னாடி இருந்து பார்க்கணும்னு இருந்தேன். ஒரு கோடை முழுக்கக் காத்திருந்தேன். நீ பிடுங்கிப் பிடுங்கிப் பையில போட்டுக்கிட்டே."

"வர்றியா?"

"சாப்பிட்டுட்டு வரேன்" என்றாள். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை அவன் அங்கேயே நின்றான்.

"டிரைவருக்கு ஒரு காபி கொடுங்க" என்றாள் டார்லா பரிமாறுகிற பெண்ணிடம். மேசை முழுக்கச் சிரிப்பு பரவியது. வெண்டலுக்குக் காது சிவந்தது.

பைக்கின் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டே அவன் பொத்தானை அழுத்த, மார்லிஸ் பின்னால் இருந்து எண்ணினாள். அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது, எழுபது. அடுத்தது ஒரு லாரிக்காரன் தன் நாய் செத்துப்போனதைப் பற்றிப் பாடும் பாட்டு. கேட்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகிற சாதாரணப் பாட்டு. கல்யாணத்துக்கு முன்னால் வெண்டல் தன் முதல் கேசட்டில் முதல் பாட்டாகப் பதிவு செய்தது. அந்தப் பாட்டுக்குத் தான் அழுவது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்று அவன் இருபத்தாறு வருஷமாக நம்பியிருந்தான். ஹெல்மெட் கண்ணாடியை மேலே ஏற்றினால் காற்றில் கண் கலங்கினதாக ஆகிவிடும் என்பது அவன் கணக்கு.

ஏற்றினான்.

"இன்னிக்கும் காத்தா?" என்றாள் மார்லிஸ்.

பாலம் தாண்டும்போது எல்டன் ஜன்னலடியில் நடக்கும் அந்த வியாழக்கிழமைச் சங்கதியை அவளிடம் சொன்னான். ஐந்து மாதமாக மறைத்ததையும் சேர்த்தே சொன்னான். அவள் அவன் தோளில் ஒரு தட்டு தட்டினாள். கொஞ்சம் பலமாகவே.

அதோடு பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது பொய். அடுத்த வாரமே ஆலயத்தில் மார்லிஸ் லோரனிடம் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசினபோது வெண்டலுக்குச் சுருக்கென்றது. பெரிய வெள்ளியன்று லோரனின் அடித்தொண்டைப் பாட்டைக் கேட்டு அவள் கண்ணைத் துடைத்தபோதும் சுருக்கென்றது. ஆனால் அதை இப்போது மார்லிஸிடம் சொல்லிவிடுவான். "எனக்கு எரியுது" என்பான். "எரியட்டும்" என்பாள் அவள்.

மறு வருஷம் லோரனுக்குக் காதுக்குள் ஏதோ வந்து தலைசுற்றல் ஆரம்பித்தது. இரண்டு சக்கரம் இனி கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். லோரன் யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. பைக்கைத் துடைத்து விற்றான். ஒரேகனில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விடுவது என்று முடிவானது. அக்டோபரில் பெட்டிகளை ஏற்ற வெண்டல் தன் லாரியைக் கொண்டுபோனான். மொத்தம் ஒன்பது பெட்டிதான். அறுபத்துமூன்று வயது மனிதனிடம் அவ்வளவுதான் இருந்தது. மார்லிஸ் லெஃப்ஸ என்ற மெல்லிய உருளைக்கிழங்கு ரொட்டி சுட்டுத் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பியிருந்தாள். லோரன் அதை மடியில் வைத்துக்கொண்டு மகளின் காரில் முன்சீட்டில் உட்கார்ந்தான். அதற்கப்புறம் வெண்டலும் அவனும் பார்த்துக்கொள்ளவில்லை. இரண்டு வருஷம் கழித்து, அவன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று மகளிடமிருந்து கடிதம்தான் வந்தது.

அன்றைக்குக் கிளம்பும் முன் வெண்டல் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றான். ஏதாவது சொல்லவேண்டும் என்று வந்தது. "அந்த ரேடியோல அன்னிக்கு நான் பேசினதை நீ மறந்துட்டியா?" என்று கேட்டான்.

லோரன் தலையைச் சாய்த்துக் கேட்டான். மகள் காரைக் கிளப்பினாள். வெண்டல் கதவைச் சாத்தியதும் லோரன் கண்ணாடியை இறக்கினான்.

"இல்லைப்பா, எப்படி மறக்கும்? பதினோரு மைல் நீங்க சண்டை போட்டீங்க, நான் கடைசியில வந்துக்கிட்டே கேட்டேன். கோபமே வரலை எனக்கு. சண்டை போடறதுக்கு இவனுக்கு ஒருத்தி இருக்காளேன்னு வயிறு எரிஞ்சுது, வெண்டல். இன்னும் கொஞ்ச தூரம் அந்த மைக் திறந்தே இருக்கட்டும்னு நினைச்சேன்."